கலியாணசுந்தரம் பெயரில் ஒரு மானியம்

மங்கையர்க்கரசிக்குக் கபடியில் ஒரு கோடு தாண்டத் தெரியாது. ஆனால் அவள் தெருப் பெண்பிள்ளைகளின் கபடிக் குழு அவளில்லாமல் ஒரு நாள் நகராது. மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பது, கல் பொறுக்குவது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குமா இந்த ஆட்டம்?" என்று வரும் அம்மாக்களோடு மல்லுக்கு நிற்பது, போட்டிக்கு ஊர் ஊராகப் பஸ் ஏற்றி அழைத்துப் போவது, எல்லாம் அவள்தான். நடுவில் தறியும் நெய்வாள். வாய் மட்டும் ஓயவே ஓயாது.

குழுவை ஆரம்பித்தது அவள் கணவன் கலியாணசுந்தரம். ஆரம்பித்த மறுவருஷமே நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, புண்ணியவான். அது ஆயிற்று நாலு வருஷம்.

அந்தத் தெருவில் தறி யார் பெயரில் தொடங்கியதோ அவர் பெயரிலேயே ஓடும். நெசவாளர் சொசைட்டிக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் வாங்கப் போனால் இன்றைக்கும் "கலியாணசுந்தரம்!" என்றுதான் கூப்பிடுவார்கள். "இருக்குதுபா" என்று இவள் எழுந்து போய் வாங்கி வருவாள். யாருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை. அவளுக்கோ, உள்ளதைச் சொன்னால், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே போகலாம் போலிருக்கும். அவன் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த வருஷம் உள்ளாட்சியில் இளைஞர் குழுக்களுக்கு மானியம் என்று அறிவிப்பு வந்தது. தேர்வாகும் குழுவுக்கு மைதானத்தில் விரித்து ஆட மேட் கிடைக்கும். ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் மாதாமாதம் ஊக்கத்தொகையும் உண்டு. மங்கைக்கு மேட் பெரிதில்லை, சந்தியாதான் பெரிது. முசரவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஆடும் பெண், பிளஸ் டூ முடித்தவள். அவள் ஏறிப் போனால் எதிர்க்குழுவில் மூன்று பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். நாலு மாதத்தில் மாவட்டக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் அவள் அம்மா பூவம்மாள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் வேலை சொல்லி வைத்துவிட்டாள்.

"நா இன்னாம்மா பண்றது? அவங்கப்பா படுத்த படுக்கையா கெடக்குறாரு. மூணு மாசம் பாக்கறேன், மானியம் வந்தா ஆடட்டும். வரலன்னா அடுத்த ஒண்ணாந்தேதி கம்பெனி வண்டில ஏத்தி உட்டுருவேன்" என்றாள் பூவம்மாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

"வரும் பாரு. வராம எங்க போயிடும்!" என்றாள் மங்கை.

விண்ணப்பத்தைத் தறியில் உட்கார்ந்தபடியே நிரப்பினாள். 'பொறுப்பாளர் பெயர்' என்ற கட்டத்தில் கை தானாக எழுதியது: கலியாணசுந்தரம். ஆதார் எண்ணும் அவனுடையதுதான். கையெழுத்து மட்டும் தன்னுடையது, சொசைட்டியில் போடுவது போலவே. பாவி, ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. குழு தேர்வாகிவிட்டது, பொறுப்பாளர் திங்கட்கிழமை நேரில் வரவும். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்து பார்த்தது. சந்தியா மங்கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மங்கை கடிதத்தைக் கணவனின் படத்துக்கு முன்னால் வைத்தாள். "பாத்தீங்களா, உங்களதான் கூப்புடுறாங்க."

திங்கட்கிழமை ஆபீசில் லோகேஸ்வரன் என்ற குமாஸ்தா, "கலியாணசுந்தரம்!" என்று கூப்பிட்டார்.

"இருக்குதுபா" என்று எழுந்து போனாள்.

"அவர வரச் சொல்லுங்கம்மா. கைரேகை வைக்கணும்."

"அவரு இல்லபா."

"வெளியூரா?"

நாலு வருஷமாக யாரிடமும் சொல்லத் தேவைப்படாத வார்த்தையை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள். "செத்துட்டாருபா."

லோகேஸ்வரன் தட்டச்சை நிறுத்தினார். "இன்னாம்மா இது! செத்தவர் பேர்ல போட்டா மோசடின்னு எழுதிடுவாங்களே. உங்க பேர எழுதியிருந்தா இந்நேரம் ஆர்டர் உங்க கையில."

"இப்ப மாத்திக் குடுப்பா. உன் கால்ல வேணா உழறேன். ஒரு பொண்ணோட வாழ்க்கபா."

"தேதி முடிஞ்சி போச்சும்மா. நீங்களே வாபஸ் வாங்கிட்டதா எழுதறேன். என்னால ஆனது அவ்ளோதான்."

அவர் நல்ல மனுஷர். திட்டித் தீர்க்கக்கூட அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. மானியம் வரிசையில் அடுத்திருந்த குழுவுக்குப் போயிற்று.

முப்பதாம் தேதி மாலை சந்தியா வந்தாள். கையில் குழுவின் ஷூ, கழுவிக் காயவைத்தது.

"அடுத்து ஆடப்போற கலைவாணிக்கு அளவா இருக்கும்க்கா."

"நான்தான்டி உன் வாழ்க்கையில மண்ண வாரிப் போட்டேன்" என்று மங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சந்தியா அழவில்லை. ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க்கா உங்க பேர எழுதல? அண்ணன நா பாத்தது கூட இல்ல. எங்கள இட்டுக்கினு போனது, எங்கம்மாகிட்ட சண்ட போட்டது, எல்லாம் நீங்கதானே?"

தன் பெயர் என்று ஒன்று இருப்பது விண்ணப்பம் எழுதும்போது மங்கைக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் விடிகாலை கம்பெனி வண்டி வந்தது, சந்தியா ஏறிப் போனாள்.

அந்த வாரம் பாவு வாங்கப் போனபோது சொசைட்டியில் வழக்கம்போல "கலியாணசுந்தரம்!" என்றார்கள். மங்கை எழுந்து போனாள்.

"அவரு செத்துட்டாருபா. மங்கையர்க்கரசின்னு மாத்தி எழுது."

எழுதுகிறவர் ஒரு கோடு போட்டு அந்தப் பெயரை அடித்தார். மங்கை அந்தக் கோட்டைப் பார்த்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவன் செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். பின்னால் நின்றவர்கள் பாவுக்கு அவசரப்பட்டார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.