அம்மா ஏலம் கேட்ட போர்வை

எங்கள் அப்பாவைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் அது ஊரறிந்த விஷயம். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்ததை ஏலம் விடும்போது ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூடக் கடை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து எடுப்பதுதான் எங்கள் சபையில் பெருமை. கோயிலுக்குப் போகிற பணம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அப்பா மட்டும் கடைசிவரை காத்திருந்து, யாரும் சீந்தாத ஒரு பூசணிக்காயோடு வீடு திரும்புவார். அப்படிப்பட்டவர் ஒரு போர்வைக்காகத் தன்னை மறந்து விலையை ஏற்றிய நாளில் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்த ஆண்டு அம்மாவுக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. என்னிடம் "கட்டி எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார்கள். வெயில் காலத்தில் எனக்கு வருகிற கட்டி மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஆபீஸுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தது எனக்குக் கொண்டாட்டம். ஒரே குறை, அவளுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. எனக்குத் தலை வாரிவிட அத்தை வர வேண்டியிருந்தது. சுவரில் விரல்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்யாமல் விட்டால் தோள் அப்படியே இறுகிப்போகும் என்று எச்சரித்தும் இருந்தார்கள். வலி பொறுக்காமல் அம்மா சீக்கிரமே அதைக் கைவிட்டாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார், அத்தை அழுது பார்த்தாள். அம்மா அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை.

அந்த நேரத்தில்தான் கோயிலின் போர்வைக் குழுவிலிருந்து அவளைக் கூப்பிட ஆள் வந்தது. வீட்டுக்கு வீடு பழைய சேலை, சட்டை, திரைச்சீலை எல்லாம் வாங்கிச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போடுவார்கள். உள்ளே பழஞ்சேலைகளை அடுக்கி, கையாலேயே தைத்துப் பெரிய போர்வையாக்கி ஏலத்துக்கு விடுவார்கள். கன்னடத்தில் அதைக் கௌதி என்பார்கள். சனிக்கிழமை மாலைகளில் கோயில் ஹாலில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதை விரிப்பார்கள். சுற்றிலும் உட்கார்ந்து ஆளுக்கொரு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போக வேண்டும். ஓரம் சுலபம். நடு நெருங்க நெருங்கக் கையை எட்டி நீட்டினால்தான் ஊசி போகும்.

குழுவின் தலைவி ஆன்டிக்கு இரக்கம் என்பதே கிடையாது. தையல் அரிசி அளவில் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அம்மா போட்டதெல்லாம் அவரைக்காய் அளவு. ஆன்டி சின்னக் கத்தரியை எடுத்தார், ஒரு மாலை முழுக்க அம்மா தைத்ததை அறுத்து நூலை உருவிப் போட்டார்.

"சொல்ப கிட்ட கிட்ட போடும்மா. போத்திக்கிறவங்க கால்விரல் அதுல மாட்டிக்கும்."

"கை எட்ட மாட்டேங்குது ஆன்டி."

"உக்காந்துட்டே இருந்தா எனக்கும்தான் எட்டாது. எழுந்து நின்னு போடு."

அம்மாவோடு கூடப் போயிருந்த எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னேன். அவர் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு நியாயம் கேட்கக் கிளம்பினார். அம்மா வாசலிலேயே தடுத்தாள்.

"பேசாம இருங்க. வீட்ல எல்லாரும் முட்டைய ஏந்துற மாதிரி என்னை ஏந்துறீங்க, பேஜாரா இருக்கு. அங்க ஒருத்தராவது திட்டுறாங்க."

அப்பா செருப்பைக் கழற்றினார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அம்மா மேசைமேல் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். தைத்ததில் ஆன்டி அறுத்தது போக ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மிஞ்சியது. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பாள், மறுவாரம் மறுபடி கிளம்பிவிடுவாள். கடைசிச் சனிக்கிழமை அவள் ஊசி நடுச் சதுரத்தைத் தொட்டபோது ஆன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கத்தரி பைக்குள்ளேயே இருந்தது. நடுவில் இருப்பது எங்கள் அம்மா போட்ட தையல் என்று வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை, வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்த நடுச் சதுரத்தைத்தான் காட்டுகிறேன்.

பண்டிகையன்று போர்வையைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏலம் விடுகிற அங்கிள் விலையை ஏற்றிச் சொல்லச் சொல்ல, வேண்டுபவர்கள் கையைத் தூக்க வேண்டும். நானும் அப்பாவும் ஆண்கள் பக்கம், அம்மா பெண்கள் பக்கம். அப்பா எடுத்த எடுப்பிலேயே கை தூக்கியதைப் பார்த்துச் சபையே திரும்பியது. ஜோகுபாளையத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் விடாமல் போட்டி போட்டார். ஒரு கட்டத்தில் அப்பாவின் கை இறங்கிவிட்டது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. அம்மாவின் வலது கை. புஜம் காதை உரச, நேராக மேலே நின்றது.

கான்ட்ராக்டர் சிரித்து ஒதுங்கிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அப்பா கையைத் தூக்கினார். அம்மா முறைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். அப்பா மறுபடியும் தூக்கினார்.

"என்னய்யா இது, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே எடுத்துட்டுப் போகப் போறீங்க?" என்றார் அங்கிள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா போர்வையையும் பார்க்கவில்லை, அங்கிளையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கை இறங்கியதும் இவர் கை ஏறியது. வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து தலைவி ஆன்டியின் குரல் கேட்டது.

"போதும் தம்பி, பாத்தாச்சு! அவளுக்கு விடு."

போர்வை அம்மாவுக்குப் போனது. அப்பா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார், தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாவம், ஏலத்தில் தோற்றுவிட்டாரே என்று எனக்கு மனம் தாங்கவில்லை.

"அழாதீங்கப்பா," என்று அவர் காதில் சொன்னேன். "அம்மாகிட்ட கேட்டு அதை உங்களுக்கே வாங்கித் தரேன்."