கூடுதலாக இருந்த ஒரு வரி

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கையில் சமோசாவும் மறு கையில் மவுசுமாகத் தன் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். பென் டிரைவைச் செருகினாள், நாலு முறை ‘நெக்ஸ்ட்’ அமுக்கினாள், சமோசா தீர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. ‘டிஸ்கில் இருப்பதெல்லாம் அழியும், சரியா?’ என்று திரை கேட்டபோது படிக்கக்கூட இல்லை. ஓகே. அவள் கம்ப்யூட்டர், அவள் சமோசா, எனக்கென்ன வந்தது? ஆனால் அந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் எனக்குச் சூடான தூசி வாசனை வரும்.

அது பட்டாபிராம் தூசி. எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம், ராணுவச் சரக்கு வண்டிகள் போகும் தண்டவாளம் பின்னாலேயே ஓடும். வண்டி போனால் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆடும், எல்லாவற்றின் மேலும் ஒரு படலம் உட்காரும். எங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. அதாவது இருந்தது, நான்தான் கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். மூடி போட்ட கம்ப்யூட்டர் வைத்திருப்பவனெல்லாம் ஆளா என்று அப்போது ஒரு நினைப்பு. காலேஜ் கடைசி வருடம், திமிருக்கா குறைச்சல்?

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை, ஸ்டெல்லா அக்காவுடையது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அம்பத்தூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டைகளுக்குப் பட்டன் சரிபார்த்தாள். கால் வீங்கித்தான் வீட்டுக்கு வருவாள். அதை விட்டுவிட்டு வீட்டிலேயே தமிழில் புத்தகம் டைப் அடித்துக் கொடுக்கும் வேலைக்கு இறங்கியிருந்தாள். அம்பத்தூர் பிரஸ் ஒன்று நம்பி முதல் புத்தகம் கொடுத்தது. நர்ஸிங் படிப்பவர்களுக்கான கையேடு, இருநூற்று நாற்பது பக்கம். இது ஒழுங்காகப் போனால் அடுத்தடுத்து வேலை. சொதப்பினால் திரும்பவும் பட்டன்.

டிஸ்கில் மூன்று டிரைவ். C விண்டோஸுக்கு, D எனக்கு, E அக்காவுக்கு. E-யில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தாள். நான் ஏன் அதில் கை வைக்கப்போகிறேன்? என் D-யைக் காலி பண்ணி அங்கே லினக்ஸ் போடுவதுதான் திட்டம். பத்திரிகையோடு வந்த ஒரே ஒரு சி.டி. எனக்கும் பூந்தமல்லி பஷீருக்கும் பொது. ஒரு வாரம் அவன் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில்.

பஷீர் என் கிளாஸ்மேட், ரூல் பைத்தியம். யார் மெஷினில் கை வைக்கும் முன்பும் ஒருவன் திரையில் உள்ள டிஸ்க் பட்டியலை, எந்த டிரைவ் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்பதோடு, சத்தமாகப் படிக்கவேண்டும், இன்னொருவன் நீள நோட்டில் எழுதவேண்டும், எழுதியதைத் திருப்பி வாசிக்கவேண்டும். முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

“இன்னாடா, எஃப்.ஐ.ஆர். போடுறியா?” என்றேன்.

“நீ கை வெச்சா அப்பால எஃப்.ஐ.ஆர்.தான் மாமே,” என்றான்.

அன்றே இரண்டு பேரும் சேர்ந்து போட்டிருக்கலாம். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அக்கா மெஷின் வேண்டும் என்றாள், அவன் நோட்டோடு பஸ் ஏறிவிட்டான். சி.டி. மட்டும் என்னிடம்.

வியாழக்கிழமை காலை அக்கா கடைசி அத்தியாயத்தின் திருத்தங்களை வாங்கிவர அம்பத்தூர் கிளம்பினாள். நாலு மணி ரயிலில் வந்துவிடுவாள், வந்து அவற்றைச் சேர்த்ததும் ஐந்தரைக்கு பிரஸ்காரர் வந்து வாங்கிப் போவார். எனக்கு ஏழு மணி நேரம் கிடைத்தது. பஷீர் இல்லாமலே போட்டு முடித்து அவன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓட ஆரம்பித்ததும் மின்சார ரயிலை நானே ஓட்டுவது போல இருந்தது.

பட்டியல் வந்தது. நாலு வரி. ஞாயிற்றுக்கிழமை கடகடவென்று படித்தபோது எண்ணிப் பார்க்கவில்லை; டிரைவ் மூன்றுதானே, இது என்ன நாலாவது? C தெரிகிறது, D தெரிகிறது, E தெரிகிறது. நடுவில் ‘எக்ஸ்டெண்டட்’ என்று ஒரு வரி சும்மா உட்கார்ந்திருந்தது. யாரும் குடியில்லாத வீடு என்று நினைத்துக்கொண்டேன். முதலில் அதை நீக்கினேன். ‘எழுதிவிடு’ என்பதற்கான எழுத்தையும் அழுத்தினேன்.

விஷயம் என்னவென்றால், அந்த வரிதான் காம்பவுண்டு சுவர். D, E இரண்டும் அதற்குள்ளே இருந்த போர்ஷன்கள். சுவரை எடுத்ததும் இரண்டும் பட்டியலை விட்டுப் போய்விட்டன. மறுபடி விண்டோஸில் போய்ப் பார்த்தேன். C மட்டும் நின்றது.

பேக்கப் இல்லையா என்று கேட்பாய். அக்கா அதற்கென்றே பத்து ஃப்ளாப்பி வாங்கி என்னிடம் கொடுத்திருந்தாள். அதிலெல்லாம் லினக்ஸைக் கிளப்பிவிடும் பூட் டிஸ்க் எழுதி வைத்திருந்தேன். சிரிக்காதே.

ஒன்று மட்டும் தெரியும். அழிந்தது பட்டியல்தான், புத்தகம் அங்கேயே இருக்கிறது. பழைய எண்களிலேயே திரும்ப எழுதினால் வந்துவிடும். D எங்கே முடிந்தது, E எங்கே தொடங்கியது? அந்த எண் எனக்கு ஞாபகமில்லை. பஷீர் நோட்டில் இருந்தது.

சைக்கிளை மிதித்து ஸ்டேஷன் ரோடு டெலிஃபோன் பூத்துக்குப் போனேன். அதற்குள் என்னென்னவோ செய்து பார்த்ததில் மணி மூன்றாகியிருந்தது. அவன் அம்மா எடுத்தார்.

“பஷீர் இல்லப்பா. நசரத்பேட்டைல மாமா ஊட்டுக்குப் போய்க்கீறான். சாயங்காலமாவும்.”

“அம்மா, அவன் மேஜை மேல நீளமா ஒரு நோட்டு கீதான்னு பாருங்க.”

“கீது. ஆனா எனக்கு இங்கிலீஷ் வராதே கண்ணு.”

“நம்பர் வருமில்ல?”

“இன்னா இப்டி கேட்டுட்ட? எங்க ரேஷன் கார்டு நம்பரே மனப்பாடமா சொல்லுவேன்.”

கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நான் கையில் பேனாவால் எழுதினேன். பின்னால் காத்திருந்த ஆள் கதவைத் தட்டி, “அண்ணாத்தே, லாட்டரி ரிசல்ட்டா? எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லு,” என்றார்.

“முந்நூத்தி அம்பத்தி... இரு. இவன் ஒண்ணு போட்டாலும் ஏழு மாரி கீது, ஏழு போட்டாலும் ஒண்ணு மாரி கீது.”

அவர் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“கீழ் வரி முந்நூத்தி அம்பத்தெட்டுலேந்து ஆரம்பிக்குது. அப்ப மேல அம்பத்தேழுதான். அடுத்தவன் ஊடு தொடங்குற எடத்துலதானே நம்ப ஊடு முடியும்?”

மூன்று வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து எண்களைத் தட்டி எழுதி விண்டோஸை ஏற்றினேன். C மட்டும்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா நிற்கிறாள், தோளில் பையோடு.

“மூஞ்சி ஏன்டா இப்டி கீது?”

சொன்னேன். ஃப்ளாப்பி விஷயம் உட்பட எல்லாவற்றையும். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. செருப்பைக் கழற்றினாள். அலமாரியிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தாள். முதல் பக்கத்தை எடுத்து டைப் அடிக்கும் ஸ்டாண்டில் கிளிப் போட்டு நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து மடியில் கைகளை வைத்துக்கொண்டாள்.

“நீ முடி. அப்பால நான் ஆரம்பிக்கிறேன்.”

அடித்திருந்தால் வலித்திருக்காது. திரும்ப லினக்ஸில் போய்ப் பார்த்தேன். எண்கள் எல்லாம் சரி. ஆனால் இரண்டு போர்ஷன்களும் லினக்ஸ் வகை என்று பதிவாகியிருந்தன. அதனால்தான் விண்டோஸ் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. வகையை மாற்றினேன். எழுது என்றேன். மறுபடி ஏற்றினேன். C வந்தது, D வந்தது. E வந்தது. உள்ளே பதினான்கு அத்தியாயங்களும் வரிசையாக இருந்தன.

அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“அந்தம்மா பேரு இன்னா?”

“பஷீரோட அம்மா.”

“பேரு இன்னான்னு கேட்டேன்.”

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிரஸ்காரர் வந்தபோது திருத்தங்களும் முடிந்திருந்தன. அவள் பட்டன் பக்கம் திரும்பிப் போகவே இல்லை. பத்தொன்பது வருடம் அந்த வேலைதான் செய்தாள்.

அந்த பூத் இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜும் இல்லை, ஒரு பிரியாணிக் கடை. பிரஸ் இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட். பஷீரின் அம்மா மெஹருன்னிசா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அக்கா அடித்த புத்தகத்தின் ஃபைல் மட்டும் என்னிடம் இருக்கிறது. டிஸ்க் மாற்றும்போதெல்லாம் கூடவே எடுத்து வந்திருக்கிறேன்.

சமோசாப் பெண்ணைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து அதைத் திறந்தேன். ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. அந்த நாளில் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகள் மேல் தமிழுக்கு முகமூடி போட்டது மாதிரி. அந்த எழுத்துரு இப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. முகமூடி போனதும் வெறும் ஆங்கிலக் கிறுக்கலும் கொக்கிகளும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை வந்த அக்காவிடம் காட்டினேன்.

“நவுரு,” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி வெறும் மேஜை மேல் விரல்களை வைத்தாள். கிறுக்கலில் எந்த எழுத்து இருக்கிறதோ அந்தக் கீ இருந்த இடத்தில் விரல் போனது, விரல் போனதும் வாயில் தமிழ் வந்தது. “கொதித்த... நீரை... மூடி வைத்து... ஆறவிட வேண்டும்.”

அடுத்த வரியின் பாதியில் விரல் காற்றில் நின்றது.

“இந்தக் கீல இன்னா எழுத்துடா இருந்துச்சு?” என்று என்னைக் கேட்டாள்.