ரினோஸா ஃபோமட் பண்ண விடாத கொம்பியூட்டர்

நோன்பு பிடிக்க விடியமுந்தி ஸஹருக்குச் சாப்பிட்ட கறி வாசம் கையில இன்னும் இருக்கும்... கற்பிட்டிக் கடையின் ஷட்டரைத் தூக்கினா, உப்புக் காத்துல துருப்பிடிச்ச தகரம் ஊரையே எழுப்புற மாதிரிக் கத்தும். உள்ளுக்கு வெக்கை, பிரிண்டர் மை வாசம். ரினோஸா லைட்டைக் கூடப் போடாம இன்டர்நெட் டொங்கிளைத்தான் முதல்ல குத்துவா.

படிப்பு முடிஞ்சு நான் போன முதல் வேலை அது. டைப்செட்டிங் செஞ்சு பிரிண்ட் அடிக்கிற சின்னக் கடை, எங்கட வீட்டுக்குப் பக்கத்துலதான். முதலாளியை நானா எண்டு கூப்பிடுவம். ரினோஸா எனக்கு முன்னமே அங்க வேலை செஞ்சவ. தொண்ணூறுல முஸ்லிம்களை வெளியேத்தினப்ப மன்னார்ல இருந்து வந்த குடும்பம். அவ பிறந்தது இங்கதான்.

வாற பென் டிரைவ் எல்லாத்துலயும் வைரஸ். அதால கடைக் கொம்பியூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு வெச்சிருந்தா. போட்டதுதான்... பிறகு வருஷக்கணக்கா ஒரு அப்டேட்டும் இல்ல. "ஓடுற மெஷின்ல கை வெக்காதீங்க" எண்டுவார் நானா.

நோன்புக்குக் கொஞ்சம் முந்திப் புதுப் பிரிண்டர் வந்திச்சு. பழைய லினக்ஸுக்கு அதை அடையாளமே தெரியல்ல.

"ஃபோமட் பண்ணி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்களேன். பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிரும்தானே" எண்டார் நானா.

"ஏலா நானா. தமிழ் எழுத்து, கீபோர்ட் எல்லாம் நான் பாத்துப் பாத்துச் செஞ்சது. அப்டேட்டே பண்ணுவம்" எண்டா ரினோஸா.

"ஒனக்கு இது கொம்பியூட்டரா, பொத்திப் பொத்தி வளக்கிற கொமர்ப்புள்ளயா?"

அவ்வளவு காலம் விட்ட லினக்ஸ் ஒரே பாய்ச்சல்ல மேல வராது. ஒரு வேர்ஷன்ல இருந்து அடுத்தது, அதுல இருந்து அதுக்கடுத்தது... அப்படித்தான் ஏத்தணும். பகல் டேட்டா அதுக்குக் காணாது. இரவுக்கெண்டு தனியா நிறைய டேட்டா தருவாங்க, விடிஞ்சு கொஞ்ச நேரம் வரைக்கும் ஓடும். நோன்புல எப்படியும் ஊரே முழிச்சிருக்கும்தானே. ஸஹர் முடிச்சு, சுபஹ் தொழுதிட்டு, ரெண்டு பேரும் கடைக்குப் போயிருவம்.

ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும். வாசல்ல கதிரையைப் போட்டுக் கதைப்பம். களப்புப் பக்கம் வள்ளங்கள் திரும்புற சத்தம் கேக்கும். சிக்னல் விழுந்தா டொங்கிளை ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிடுவா.

அப்படி ஒரு விடியலுக்குத்தான் சொன்னா.

"பெருநாளைக்குப் பிறகு நாங்க மன்னாருக்கே போறம். வாப்பா காணியத் துப்பரவாக்கிட்டார்."

"பழைய வீடு?"

"செவரு மட்டும் நிக்கிது. அதுக்குள்ள மரம்."

"அப்ப ஒங்களுக்குத்தான் ஃபோமட்."

சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா அதுக்குப் பிறகு ஒவ்வொரு வேர்ஷன் முடியும்போதும், இன்னும் ஒண்டு மிச்சம் இருக்குமா எண்டுதான் பாப்பேன். சிக்னல் விழுந்தா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்...

கடைசி வேர்ஷனும் ஏறிச்சு. புதுப் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பிச்சு. பெருநாள் முடிஞ்சு அவங்கட சாமான் லொறியும் போச்சு. ஷட்டர் பூட்டுத் திறப்பை என்ட கையில வெச்சு, "மாசத்துக்கு ஒருக்காச்சும் அப்டேட் பண்ணு, என்ன?" எண்டா.

கடையில செஞ்சேன். அதே லினக்ஸ் போட்ட என்ட சொந்த லெப்டொப்புக்குச் செய்யல்ல. இப்ப வருஷம் எத்தனையோ போயிட்டு. மகன் வயித்துல இருக்கக்குள்ள மூடின லெப்டொப்பை இப்பதான் திறந்தேன். அடுத்த கிழமை வீட்டுல இருந்தே வேலை தொடங்கணும்... மகன் அழுதா என்ன செய்ற, காய்ச்சல் வந்தா என்ன செய்ற எண்டு ஒரே யோசனை. அப்டேட் குடுத்தா எல்லாம் எரர். அந்தப் பழைய வேர்ஷனுக்கு இப்ப எதுவுமே வாறதில்லயாம்.

மகன் தூங்கின நேரம் பாத்து அழிச்சிட்டுப் புதுசாப் போட்டேன். அவன் எழும்ப முந்தியே முடிஞ்சிச்சு. இப்ப வீட்டுல வேகமான லைன், ராவு டேட்டா பகல் டேட்டா எண்டெல்லாம் இல்ல. காத்துக்கிட்டு இருக்க ஒண்டுமே இல்ல. வெறும் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்... ரினோஸாக்கு ஒரு வொய்ஸ் நோட் போட்டேன்.

"அன்னைக்கு நானா சொன்ன மாதிரியே செஞ்சிருக்கலாமேடி. ஏன் விடல்ல?"

இப்பதான் பதில் வந்திச்சு. பக்கத்துல அவட கடைக்குட்டி சிணுங்குறதும் கேக்குது.

"செஞ்சிருக்கலாம்தான் புள்ள. ஆனா நாங்க போறது நோன்புக்கு முந்தியே முடிவாயிட்டு. நானா சொன்னத செஞ்சிருந்தா ஒரு பின்னேரத்துல முடிஞ்சிருக்குமே..."