எவாரிஸ்தோ அனுப்பினார்

எவாரிஸ்தோவிடம் ஒரு வியாதி உண்டு. யாராவது வாயைத் திறந்தால் போதும், எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவார். பல் வலியா, தெல்மோவிடம் போ. குழாய் ஒழுகுகிறதா, சிசேரியோவைக் கூப்பிடு. கடைசியில் தவறாமல் ஒரே வசனம்: "என் பேரைச் சொல்லு, பார்த்துக்குவான்."

ஸ்பெயினில் எங்கள் சரகோசா நகரத்தில் அவர் பேரைச் சொன்னால் தனி மரியாதைதான். தெல்மோ காக்க வைக்க மாட்டார். மீன்காரி ஒரு கைப்பிடி மட்டி கூடப் போடுவாள். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற எவாரிஸ்தோவுக்கு இந்த ஊரில் தெரியாத ஆள் கிடையாது.

இத்தனை சிபாரிசும் நடப்பது என் கடையில் உட்கார்ந்துகொண்டு. காபியும் ஒயினும் விற்கிற சின்னக் கடை. காலை பதினொரு மணி, ஓர ஸ்டூல், பால் காபி, ஒரு துண்டு உருளைக்கிழங்கு ஆம்லெட். பத்தொன்பது வருடமாக இதே கதை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் "எவாரிஸ்தோ அனுப்பினார்" என்று ஒரு ஈ, காக்கா என் கடைக்குள் வந்ததில்லை.

எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புதுக் காபிக்கடை வந்தபோது என் பொறுமை போய்விட்டது.

"ஏன்யா, சவப்பெட்டிக்காரனுக்குக்கூட ஆள் அனுப்பியிருக்கே. என் கடை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"உன் கடை நல்லாத்தானே இருக்கு, அசுன். அமைதியா."

"அமைதியா இல்லைய்யா, காலியா இருக்கு! இப்படியே போனா ஆகஸ்ட்ல ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான். அப்புறம் எங்க போய் உட்காருவே?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அன்று காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

இரண்டு வாரத்தில் கடை திருவிழாவானது. வருகிறவர்கள் எல்லாரும் அவர் பேரைச் சொன்னார்கள். நானும் ஆளுக்கு ஒரு தட்டு ஆலிவ் சும்மா வைத்தேன். ஒருநாள் பதினொரு மணிக்கு எவாரிஸ்தோ வந்தார். அவர் ஸ்டூலில் வேறு யாரோ கணவாய் மீன் தின்றுகொண்டிருந்தார். என் கையில் நாலு தட்டு. "கொஞ்சம் பொறுய்யா" என்றேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மீன்காரி வந்து கேட்டாள்: "உன் ஆம்லெட் இப்பல்லாம் வறண்டு போச்சாமே?"

"எந்த நாக்கு சொன்னது?"

"எவாரிஸ்தோதான். எதிர்க்கடையில உட்கார்ந்து, போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்றாரே!"

இடுப்பில் கட்டிய சமையல் ஏப்ரனோடு தெருவைத் தாண்டினேன். கண்ணாடிக்குப் பின்னால், காகிதக் கப்போடு உட்கார்ந்திருந்தார்.

"என் ஆம்லெட் வறண்டு போச்சாய்யா?"

அவர் தலை நிமிரவில்லை. "ஒரு நாலு பேர் குறைஞ்சா போதும்னு பார்த்தேன். அந்த ஓர ஸ்டூல் மட்டும் காலியானா போதும்."

அறையலாம் போலவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இத்தனை வருடம் என் கடையை ஊருக்குச் சொல்லாமல் பொத்தி வைத்தது இதற்குத்தானா!

"வந்து தொலை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஓர ஸ்டூலில் இருந்தவரைத் தட்டோடு ஜன்னல் மேசைக்கு நகர்த்தினேன்.

எவாரிஸ்தோ புது ஆள் மாதிரி வாசலில் வந்து நின்றார். கடையே பார்த்தது.

"யார் அனுப்பினது?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

தொப்பியைக் கழற்றினார். "அசுன் அனுப்பினா."

"அவ பேரைச் சொல்லிட்டே. உட்காரு."

பெரிய துண்டாக வெட்டி வைத்தேன். ஒரு வாய் தின்றவர், பக்கத்து ஆளிடம் திரும்பினார். "நல்லாத்தானே இருக்கு? வறண்டு போச்சுன்னு எவனோ சொல்லிட்டுத் திரியுறான்!"