மச்சினன் தோளில் எரிந்த விளக்கு

"விண்ணப்பங்கள் பெறப்பட்ட வரிசைப்படியே பரிசீலிக்கப்படும்." தோள் தசைநாண் காயத்தைப் புதுவகைப் படத்தில் பார்க்க ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடம் ஆள் தேடியது. அறிவிப்பின் ஐந்தாம் விதி இது. மாவட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். இத்தகைய விதிகளை நானே எழுதியிருக்கிறேன்.

என் வலக்கை தோளுக்கு மேல் எழும்பிப் பல மாதமாகியிருந்தது. சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை; தெரியாததை வீட்டில் யாரும் நம்புவதில்லை.

"துணி காயப் போடச் சொன்னா மட்டும் கை வலிக்கும்லா உங்களுக்கு," என்பாள் மனைவி.

புதுப் படம் வேறு. கொஞ்சம் கதிரியக்க மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். தசைநாணில் எங்கே செல்கள் காயத்தோடு மல்லுக்கட்டுகின்றனவோ அங்கே அது போய்த் தங்கும். கிழிசல் கண்ணுக்குத் தெரியுமுன்பே அந்த இடம் படத்தில் ஒளிரும். ஒளிர்ந்தால் சிகிச்சை உண்டு. மனைவிக்குக் காட்ட ஒரு சாட்சியும் கிடைக்கும்.

குனோங் ராபாட்டில் இருக்கும் அவள் தம்பிக்கும் தோள் வலி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லோரி ஓட்டப் போனான். அவன் படிவத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், என்னுடையதை அனுப்பி ஒரு வாரம் கழித்து.

அழைப்பு அவனுக்கு வந்தது.

படத்தைக் கைப்பேசியில் ஏந்திக்கொண்டு வந்தான். "மச்சான், இங்க பாருங்க, என் உராட்டுல லைட்டு எரியுது!"

எரிந்தது. அவன் உராட்டு என்ற தசைநாணில், மஞ்சளாக, கடலைப் பருப்பளவு. இயந்திரக் கோளாறாக இருக்கலாமென்று உற்றுப் பார்த்தேன். கோளாறில்லை.

"ஐயோ தம்பி, இதோடயா லோரி ஓட்டுன?" என்று மனைவி அவன் தோளைத் தடவினாள். அந்தக் குரலை நான் கேட்டு வருடங்களாகின்றன.

"படிவத்த எங்க குடுத்த?" என்றேன்.

"கவுண்டர்லதான். அந்தப் பொண்ணு தேதி சாப்பு குத்தி வாங்கிக்கிச்சு. பத்து நிமிசம். நீங்க எங்க குடுத்தீங்க மச்சான்?"

தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். என் விண்ணப்பத்தை என் பழைய அலுவலகத்தின் வழியாக அனுப்பியிருந்தேன். எதுவும் துறைத் தலைவர் மூலமே போகவேண்டும் என்பது என் வாழ்நாள் பழக்கம். ஓய்வு பெற்றவனுக்குத் துறைத் தலைவர் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதாவது கவுண்டருக்குப் போயிருக்கலாம். அவன் போன வழியில் நான் போவதா? நினைவூட்டுக் கடிதம் எழுதி, அதையும் துறைத் தலைவர் மூலமே அனுப்பினேன்.

அவனுக்குச் சிகிச்சை தொடங்கியது. ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக் கொடியில் அவனே ஈரப் போர்வையை வீசிப் போட்டான், ஒற்றைக் கையால். மனைவி கைதட்டினாள். எனக்கு அந்தக் கொடியை அறுக்கவேண்டும் போலிருந்தது. அதற்கும் கை எழும்பவேண்டும்.

பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம். மிகச் சரியான கடிதம், நானே எழுதியதுபோல. விண்ணப்பம் துறைத் தலைவர் மூலம் பெறப்பட்டது, அதற்கு முந்தின நாளே சேர்க்கை முடிந்துவிட்டது, வருந்துகிறோம். வலக்கை இப்போது மேசைக்கே எழும்பவில்லை; பழக்கப்படி, ஓரத்தில் வரவுத் தேதியை இடக்கையால் கோணலாகக் குறித்தேன். அன்று தைப்பூசத்துக்கு முந்திய செவ்வாய்.