செத்த ஸ்தேர்யோஸ் நடந்ததற்கு ஊர் சொன்ன சாட்சி

எங்கள் கிரேக்க மலையூர் பெத்ரோலாக்காவில் கதவை ஒரு தடவை தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, வெளியே நிற்பது கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும் சரி, இரண்டாவது தட்டல் விழுகிறவரை உள்ளே மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. செத்தும் குழியில் கிடக்காமல் உடம்போடு எழுந்து அலைகிற பேய்க்கு, வ்ரிகோலகாஸுக்கு, ஒரே ஒரு தட்டல்தான் அனுமதி. அதற்குத் திறந்தாலோ குரல் கொடுத்தாலோ அந்த வீட்டில் ஓர் ஆள் குறையும். பேசாமல் இருந்துவிட்டால் அது பாட்டுக்கு அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடும். அதனால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரட்டையாகத் தட்டித்தான் பழக்கம். தபால்காரர் சமவெளிப் பக்கத்து மனிதர். வந்த புதிதில் ஒரு தட்டு தட்டிவிட்டு, நின்று நின்று கால் மரத்துப்போய், திட்டிக்கொண்டே மலையிறங்கிப் போனதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அஸிமினாவும் அப்படி வளர்ந்தவள்தான். அவள் புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் ஓக் மரம் சாய்ந்து செத்துப்போனபோது, பையன் லாம்ப்ரோஸ் தொட்டிலில் கிடந்தான். ஊர் ஆண்பிள்ளைகள் காப்பிக் கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தை மாற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் ஆடு மேய்த்தாள், விறகு சுமந்தாள், மற்றவர் வீட்டுக் கம்பளி சிக்கெடுத்துக் கொடுத்தாள். யாரிடமும் கை நீட்டவில்லை. வாயும் சும்மா இருக்காது. அவளிடம் வம்புக்குப் போய் ஜெயித்தவர் ஊரில் கிடையாது.

லாம்ப்ரோஸுக்கு அம்மாவைச் சீண்டுவதுதான் வேலை. "ஏம்மா, பேய்க்கு ஒரு தடவைக்கு மேல எண்ணத் தெரியாதா? பள்ளிக்கூடமே போகலையா அது?" என்பான். "செத்தவங்களை வச்சு விளையாடாதடா, நாக்கு அழுகிப்போகும்" என்று விறகுக் கட்டையைத் தூக்குவாள். சிரித்துக்கொண்டே ஓடுவான். மீசை அரும்பியதும் வோலோஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனான். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அவன் குளிர்காலத்திலேயே வந்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கும் திருக்காட்சித் திருநாளுக்கும் நடுவில், பாதிரியார் இன்னும் தண்ணீரை மந்திரிக்காத நாட்கள். கண்டதும் கழியதும் வெளியே அலையும் என்று ஊரே விளக்கு வைப்பதற்கு முன் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் நாட்கள். பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அஸிமினா அடுப்படியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் கதவு ஒரு தடவை தட்டப்பட்டது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டாவது தட்டலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

காலையில் கதவைத் திறந்தபோது லாம்ப்ரோஸ் வாசலில் பனி மூடிக் கிடந்தான். பனியால் பேருந்து கீழ் ஊரிலேயே நின்றுவிட்டது. நடந்து வந்தவன் பள்ளத்தில் சறுக்கி விழுந்திருக்கிறான். நெற்றி பிளந்திருந்தது, ஒரு கால் முறிந்திருந்தது. அதோடு அம்மா வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்திருக்கிறான்.

அஸிமினா போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. "நான் கேட்டேனே! கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேனே!" என்று அவள் தலையைக் கதவுநிலையில் மோதிக்கொண்டாள். அவளைப் பிடித்து நிறுத்த நாலு பேர் தேவைப்பட்டார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு மாலமோ அதைச் சொன்னாள்.

"அது இவன் இல்லடி! எங்க கதவையும் தட்டுச்சுடி நேத்து. ஒரே ஒரு தட்டு. நாங்களும் திறக்கல."

மாலமோ வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் அவள் கொட்டிலில் ஆடுகளோடு இருந்தாள். ஆனால் அஸிமினா மோதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரியும், "ஆமா, எங்க வீட்டையும்" என்றாள். அதற்கடுத்த வீடும் சொன்னது. கடைசியில் பாதிரியார் ஃபோத்திஸைப் பார்த்தார்கள். பேய் பிசாசு என்று பேசுகிறவர்களை ஞாயிறுதோறும் பீடத்தில் நின்று வறுத்தெடுக்கிற மனிதர் அவர். தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி, "என் கதவையும்தான் தட்டுச்சும்மா. பையன் அதுக்கு முன்னாடியே உயிர விட்டுட்டான். அவன் எங்க தட்டினான்?" என்றார். அவர் அங்கி போட்ட பிறகு சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒரு தாய் அந்தக் கதவுநிலையில் மண்டை உடைந்து சாகக் கூடாது என்று அவரவருக்கும் தோன்றியது, அவ்வளவுதான்.

ஆனால் பேய் தட்டியது என்றால், அது யாருடைய பேய் என்று ஒரு கேள்வி வருமே. அந்த இலையுதிர் காலத்தில் ஊரில் செத்தவர் ஒருவர்தான், ஸ்தேர்யோஸ். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று பாதி ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். ஒரு முழுச் சீஸை வைத்துக் குளிர்காலம் முழுக்க ஓட்டுகிற கஞ்சர். அவருக்கென்று பரிந்து பேச மகள் அர்கிரோவைத் தவிர ஆள் கிடையாது. பழி போட இதைவிட வசதியான பிணம் கிடைக்குமா?

அதற்குப் பிறகு சாட்சிகள் வந்து குவிந்தன. ஸ்தேர்யோஸின் பிணத்தைக் கிடத்தியிருந்தபோது ஒரு பூனை குறுக்கே தாண்டியதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பூனை தாண்டிய பிணம் எழுந்திருக்கும் என்பது தெரிந்த விஷயம். ஒருவருக்கு அது கறுப்புப் பூனை, இன்னொருவருக்குச் சாம்பல் பூனை, மூன்றாமவருக்கு அது அவருடைய சொந்தப் பூனை. ஊறவைத்த பீன்ஸ் குறைந்தது. கோழி காணாமல் போனது. மாலமோவின் புருஷன் பீப்பாய் ஒயினில் பாதியைத் தீர்த்துவிட்டு, "ராத்திரி ஸ்தேர்யோஸ் வந்துட்டுப் போனாரு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னான். மாலமோ தனியாக இருந்தபோது அவன் காதைத் திருகினாள், வெளியே வந்து அதையே ஊருக்கும் சொன்னாள். இரண்டு மாதத்தில் பொய் சொன்னவர்களே இரவில் கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயந்தார்கள்.

இவர்கள் எல்லாரையும்விட அதை இறுகப் பிடித்துக்கொண்டவள் அஸிமினா. ஸ்தேர்யோஸ் நடந்திருந்தால் தட்டியது அவர். நடக்கவில்லை என்றால் தட்டியது அவள் பிள்ளை. இதற்கு நடுவில் அவளுக்கு நிற்க வேறு இடம் இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டால் உட்காரவைத்துச் சொல்லுவாள். முதலில் தட்டல் மட்டும் இருந்தது. அடுத்த வருஷம் கதவிடுக்கில் ஈரமண் வாடை வந்தது. அதற்கடுத்த வருஷம் தொண்டையைச் செருமும் சத்தமும் சேர்ந்துகொண்டது, உயிரோடு இருந்தபோது ஸ்தேர்யோஸ் செருமியதைப் போலவே. சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தை உற்றுப் பார்ப்பாள். அவர் தலையாட்டினால்தான் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

முதல் வருஷத் தவக்காலத்தில் ஊர்ப் பெண்கள் ஒயின் காடியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு ஸ்தேர்யோஸின் கல்லறைக்குப் போனார்கள். குழியில் துளை போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பேய் அடங்கும். துளையைப் போட்டவள் அஸிமினா. அவள் ஊற்றிக்கொண்டிருந்தபோது அர்கிரோ இடுகாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தடுக்கவில்லை. அப்பாவின் மேல் கொதிக்கிற காடி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அவளுக்குப் பக்கத்து ஊரில் நிச்சயமாகியிருந்தது. பேய் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊற்றடியில் அவள் குடத்தோடு வந்தால் பெண்கள் விலகி நின்றார்கள். அந்தப் பெண் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஊரின் இரக்கத்துக்கு அவள் தலைதான் கிடைத்தது.

மூன்று வருஷம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் புதைத்தவரை மண்ணிலேயே விட்டுவிடுவதில்லை. மூன்று வருஷத்தில் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் மற்றவர்களோடு சேர்ப்பார்கள். எலும்பு சுத்தமாக, மெழுகு நிறத்தில் வந்தால் ஆத்மா சாந்தியடைந்தது. உடம்பு கரையாமல் கிடந்தால் செத்தவர் ஓய்வில்லாமல் திரிந்திருக்கிறார். இதற்கு மேல் சாட்சி கிடையாது. அர்கிரோ இந்த நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"நீ வராதடி. உனக்கு அங்க என்ன வேலை?" என்று மாலமோ அஸிமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஏன், நீங்கள்லாம் சொன்னது நிஜம்தானே?"

 அஸிமினா கையை உதறிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அவள் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். ஒரு மனிதன் மூன்று வருஷம் மண்ணில் கிடந்தும் மட்காமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட வேண்டுதல் அது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் வேண்டிக்கொண்டாள்.

குழியை அர்கிரோவே தோண்டினாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒப்பாரியை ஆரம்பிக்க யாருக்கும் வாய் வரவில்லை. மண்வெட்டி சவப்பெட்டிப் பலகையில் பட்டதும் அவள் அதை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ள ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மண்டையோட்டைத் தூக்கி வெளியே காட்டினாள்.

மஞ்சள் மெழுகு நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைவிட நல்ல தலையை அந்த இடுகாட்டில் யாரும் பார்த்ததில்லை. வழக்கமாக இருந்தால் குலவைச் சத்தம் எழாத குறையாகச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அன்று யாரும் மண்டையோட்டைப் பார்க்கவில்லை, எல்லாரும் அஸிமினாவைப் பார்த்தார்கள். அவள் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். 

அர்கிரோவும் அவளைப் பார்த்தாள். மூன்று வருஷம் சேர்த்துவைத்த சொல் அவள் வாயில் தயாராக இருந்திருக்கும். சொல்லவும் அவளுக்கு உரிமை இருந்தது. அப்பாவின் தலையைக் குழியோரத்தில் இருந்த ஒயின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு குழியின் கால்மாட்டுக்கு நகர்ந்து, குனிந்து, கறுப்பாக எதையோ எடுத்தாள். செத்தவருக்குப் போட்டுவிட்ட கம்பளிக் காலுறை, களிமண் ஏறிக் கனமாக இருந்தது.

"இங்க பாருங்கக்கா" என்றாள்.  "கால் கரையல. சதை அப்படியே இருக்கு. நீங்க சொன்னது சரிதான். எங்கப்பா நடந்திருக்காரு."

"ஆமா ஆமா, கரையல" என்று மாலமோ அவசர அவசரமாகச் சொன்னாள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் இன்னொருத்தி. அது காலுறை என்று அங்கே தெரியாதவர் இல்லை. சொந்த அப்பனைப் பேயாக்கி, தன் கல்யாணத்தையும் சேர்த்துக் குழியில் போட்டுவிட்டு அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அஸிமினா முன்னால் வந்து அதை வாங்கினாள். வாங்கி, தலைகீழாகப் பிடித்து உதறினாள். களிமண் உதிர்ந்தது. அவள் உள்ளங்கையில் சின்னச் சின்ன விரல் எலும்புகள் விழுந்தன. ஒவ்வொன்றும் சுத்தமாக, காய்ந்து, மெழுகு நிறத்தில் இருந்தது.

அவள் அவற்றை ஒயின் கிண்ணத்தில் போட்டு, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள். 

"மன்னிச்சிடுங்க ஸ்தேர்யோஸண்ணா" என்றாள் எலும்பிடம். "உங்க மேல கொதிக்கக் கொதிக்க ஊத்தினேனே. நீங்களோ உங்களைப் போட்ட இடத்துலயே அசையாமப் படுத்திருந்தீங்க."

"அஸிமினா, வேணாம்டி" என்று மாலமோ அழுதாள். "எங்க கதவையும்..."

"உன் கதவை யாரும் தட்டல மாலமோ. எனக்குத் தெரியும்டி. நீ நல்லவ." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சத்தம் கீழேருந்து வந்துச்சு. முழங்கால் உயரத்துல. நின்னுக்கிட்டுத் தட்டுற ஆளு அங்க தட்ட மாட்டான். தவழ்ந்து வந்தவன் தட்டினது அது. அன்னைக்கே எனக்குக் காதுல விழுந்துச்சு. இத்தனை நாளா அதை மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லல."

அர்கிரோ குழியை விட்டு ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அஸிமினா அந்தப் பெண்ணின் மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தட்டினது என் லாம்ப்ரோஸ்தான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக வாய் ஓயாமல் சாட்சி சொன்ன ஊர் அது. இப்போது ஒருத்தியும் அதை மறுக்கவில்லை.