பிளானில் இல்லாத ஓடை

நான் அளந்து வரைந்த பிளானில் இல்லாத ஓர் ஓடை, நேசையன் வாத்தியார் வீட்டு அஸ்திவாரத்துக்குள் புகுந்து நின்றது. சர்வே வேலையில் நான் செய்த முதல் பெரிய தப்பு அது. இன்று நிலம் அளக்கும் செயினைப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

1. பங்குனியில் அளந்தது

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். நாகர்கோவில் டவுன் கிழக்கே வயலுக்குள் நீளத் தொடங்கியிருந்தது. லைசென்ஸ் சர்வேயர் தாணுலிங்கம் சாரிடம் நான் அசிஸ்டெண்ட். ஒரு மளிகை வியாபாரி ரோட்டோர வயலை வாங்கி, பன்னிரண்டு வீட்டு மனையாகப் பிரிக்கச் சொன்னார். சாருக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம், அதில் புல், புல்லில் இரண்டு மாடு. பழைய ரிக்கார்டில் அங்கே ஓடை எதுவும் இல்லை. பள்ளத்தின் மேலேயே செயினை இழுத்தேன்.

கீழ் வயலைக் குத்தகைக்குப் பயிரிடும் பகவதி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"சாரே, ஓடைக்க மேல கூடியா அளக்கிய? அதுவழிதான் எங்க வயலுக்குப் பாய வெள்ளம் வரும்."

"ரிக்கார்டுல ஓடை இல்லியே."

"ரிக்கார்டுல இல்லேன்னா வெள்ளம் வராம இருக்குமா?"

நான் சிரித்தேன். வெயிலில் சீக்கிரம் முடித்துவிட்டுப் போகும் அவசரம். ஃபீல்டு புக்கில் அவள் சொன்னதை எழுதவில்லை. சாரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2. சானல் திறந்த மறுநாள்

வைகாசிக் கடைசியில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பாசனச் சானலைத் திறந்தார்கள். மறுநாள் காலை ஆபீசுக்கு ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால், ஐந்தாம் நம்பர் மனையை வாங்கியிருந்த நேசையன் வாத்தியார் அஸ்திவாரக் குழிக்குள் முழங்கால் தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார். கரையில் அவர் மனைவி. எதிரே மண்வெட்டியோடு பகவதியும் இன்னும் நாலைந்து பெண்களும்.

ஓடையின் குறுக்கே குழி தோண்டி, மண்ணைக் கரையாகக் குவித்திருந்தார்கள். வந்த தண்ணீர் அத்தனையும் குழியிலே நின்றுவிட்டது. கீழே பகவதியின் நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"நான் இந்தக் கரையை வெட்டப் போறேன் வாத்தியாரே. நாத்து கரிஞ்சா பிள்ளையளுக்கு நான் என்னத்த குடுப்பேன்?"

"வெட்டினா என் கல்லுக்கட்டு சரிஞ்சு போவும் அம்மா. பத்து வருசமா வாடகை வீட்டுல இருந்து சேத்ததாக்கும் இது." வாத்தியார் என்னைப் பார்த்தார். "தம்பி, பிளான்ல ஓடை இல்லியே? நீங்கதானே அளந்தீங்க?"

ரிக்கார்டைக் காட்டித் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பகவதி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். அது தாங்க முடியவில்லை.

"அளந்தது நான்தான். இந்த அம்மா அன்னைக்கே சொன்னாங்க. நான் கேக்கல" என்றேன்.

பின்னால் வந்து நின்ற தாணுலிங்கம் சார் என் தோளில் கைவைத்தார். "பிளான்ல ஒப்புப் போட்டது நானாக்கும். பின்ன எனக்குந்தான் தப்பு. செயினை எடுடே."

முதலில் குழியைச் சுற்றி ஒரு சின்னச் சால் வெட்டி நாற்றுக்குத் தண்ணீர் விட்டோம். வாத்தியாரும் மண் அள்ளினார். பிறகு தண்ணீர் ஓடும் வழியைப் பின்தொடர்ந்தே அளந்தோம். மேடுபள்ளம் பார்க்க லெவல் கருவியே வேண்டியிருக்கவில்லை.

3. பதினொரு மனை

புதுப் பிளானில் உள்ரோட்டை நகர்த்தி ஓடையின் ஓரமாகவே கொண்டுபோனோம். ஒரு மனை குறைந்தது. வியாபாரி குதித்தார்.

"ஒரு சாலுக்காக ஒரு மனைய விடணுமா ஓய்? மண்ணப் போட்டு மூடும்!"

"மூடலாம்" என்றார் சார். "ஐப்பசியில அடைமழை பெய்யும்போ உம்ம பன்னிரண்டு மனையும் குளமா கெடக்கும். அப்பம் யாரு வாங்குவா? நீரே சொல்லும்."

வியாபாரி விறுவிறுவென்று எழுந்து போனார். மூன்றாம் நாள் வந்து பிளானில் கையெழுத்துப் போட்டார்.

வாத்தியார் வீடு பன்னிரண்டடி தள்ளிப்போக வேண்டியிருந்தது. அந்த அஸ்திவாரத்தை மறுபடி யார் தோண்டுவது என்று நான் கூச்சத்தோடு நின்றிருந்த சனிக்கிழமை, நாற்று நட்டு முடித்த பெண்கள் பகவதியோடு வந்து இறங்கினார்கள். உச்சிவேளைக்குள் புதுக்குழி தயார். வாத்தியார் மனைவி எல்லோருக்கும் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் விளம்பினார். எனக்கும் ஓர் இலை போட்டார். அன்று சாப்பிட்ட மாதிரி பிறகு நான் எந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் பக்கத்து வயலும் மனையாக வந்தது. இந்தத் தடவை செயினைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நேரே களை பறித்துக்கொண்டிருந்த பகவதியிடம் போய், "இங்க வெள்ளம் எங்க கூடி வரும், எங்க கூடிப் போவும்னு நடந்து காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

வயலை மனையாக்கும் வேலை உங்களுக்கும் வரும். ரிக்கார்டைப் பாருங்கள். ஆனால் அந்த மண்ணில் தண்ணீர் பாய்ச்சுகிறவரோடு ஒருமுறை நடந்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

பகவதி கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்பமாவது கேக்கத் தோணிச்சே சாரே! செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாங்க, சேறாக்கும்."